ஐம்பத்தைந்து அங்குல மகாராஜாவின் மறைவு

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், சிங்கப்பூர் ஈசூனில் எட்டாவது மாடியில், எங்கள் வரவேற்பறையை ஒன்பது ஆண்டுகள் ஆண்ட ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை 'டப்' என்ற ஒரே சொல்லோடு காலமானது. அன்னாருக்கு இரண்டு ரிமோட்டுகளும், அவற்றைத் தேடியே வயதாகிப்போன என் அப்பாவும் உள்ளனர். துயரச் செய்தி எட்டியபோது நான் சமையலறையில் இருந்தேன்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு மூன்றுதான் கிடைத்தது: தூசி நன்றாகப் பிடிக்கும்.

அன்னார் இருந்தவரை எங்கள் வீட்டில் பேச அனுமதி விளம்பர நேரத்தில் மட்டுமே. "விளம்பரம் வரட்டும், அப்புறம் சொல்லு" என்பார் அம்மா. உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் கணக்கில் தோற்றதை ஒரு ஷாம்பு விளம்பரத்துக்குள் சொல்லி முடித்தேன். அம்மா "ஐயையோ!" என்று நெஞ்சில் கைவைத்தார். எனக்காக என்று உருகிப்போனேன். திரும்பிப் பார்த்தால் விளம்பரம் முடிந்து, கதாநாயகி படிக்கட்டில் உருண்டுகொண்டிருந்தாள்.

அன்னாரின் பொன்மொழிகள் இரண்டே இரண்டு. தினமும் "தொடரும்." கோளாறு வந்தால் "சிக்னல் இல்லை." இதற்காகவா ஒரு குடும்பமே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தது?

அன்னாரின் பரம பக்தை மாலா அத்தை, அப்பாவின் தங்கை. என் அக்கா கல்யாண அழைப்பிதழில் அத்தை பெயரை அச்சடிக்க அப்பா மறந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வருடமாக அண்ணனிடம் அத்தை நேராகப் பேசுவதில்லை. ஆனாலும் சனிக்கிழமை ஏழரை மணித் தொடருக்குப் பொங்கோலிலிருந்து தவறாமல் வந்துவிடுவார். "உங்க வீட்டு டிவி பெருசு லா அண்ணி, அதுக்குத்தான் வரேன்." அப்பாவும் அன்று மாலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய், அத்தைக்குப் பிடித்த மசால் வடை வாங்கிவந்து, "சும்மா வாங்கினேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். இருவரும் திரையைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். "அந்த டாக்டர் சரியில்ல" என்பார் அத்தை, டிவியிடம். "ஆமா ஆமா" என்பார் அப்பா, அதே டிவியிடம்.

இந்தக் கூத்தைச் சகிக்காமல்தான் நான் களத்தில் இறங்கினேன். என் ஃபோன் ரிமோட்டாகவும் வேலை செய்யும். சமையலறை இடுக்கிலிருந்து ஓர் அழுத்து: அம்மாவின் மாமியார் கதை மல்யுத்தமாகும். இன்னோர் அழுத்து: அப்பாவின் செய்தி சீனச் சமையலாகும். மூன்று வாரம் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா பெட்டியின் மண்டையில் தட்டினார். அம்மாவோ, "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்று முடிவு கட்டினார். அந்தச் சனிக்கிழமை சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்து, சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலையால் பெட்டியைச் சுற்றித் தாராளமாகத் தெளித்தார்.

டப்.

அத்தை அப்போதுதான் வாசல் கேட் அருகே ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். கறுப்புத் திரையைப் பார்த்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப நான் கிளம்புறேன் அண்ணி." அப்பா வடைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

புதுப்பெட்டி வாங்கலாம் என்றால், "ஆடி மாசம் முடியட்டும்" என்றார் அம்மா. அடுத்த சனிக்கிழமை அப்பா வடை வாங்கினார், அத்தை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதேதான். ஆறிப்போன வடைகளை நான் தின்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை, எட்டு மணிக்கு நானே அத்தையை அழைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தை, கடிதத்தை ஒளிச்சு வச்சது டாக்டர்தான்!"

"நீ எப்படிடா பார்த்தே? சீரியல்னாலே வாந்தி வருதுன்னு சொல்வியே?"

சோபாவிலிருந்து அப்பா முந்திக்கொண்டார். "அந்த டாக்டர் சரியில்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்னு சொல்லு."

"சொன்னது நான்னு உங்கப்பாகிட்ட சொல்லு லா!"

"நீயா? நீ எங்க சொன்ன?" அப்பா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மாலா, வடை ஆறுது. வந்து தின்னுட்டுப் போ" என்றார்.

மறைந்தவரின் நினைவாக ஒரு ரிமோட்டை என் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறேன். அத்தை கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஃபோனில்தான் பார்த்தேன். சமையலறையில் நின்ற மூன்று வாரமும், சனிக்கிழமை ஏழரையிலிருந்து எட்டுவரை மட்டும் நான் எதையும் அழுத்தியதே இல்லை. அதற்கு முன்பும் பல வருடமாக, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அதே இடுக்கில்தான் நின்றிருக்கிறேன். அங்கிருந்து திரையின் இடது பாதிதான் தெரியும். ஃபோனில் முழுசாகப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சனிக்கிழமைத் தொடரில் வரும் மாமியாருக்கு ஒரு கணவர் இருக்கிறார். இத்தனை வருடமும் வலது பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறார்.