மூண்டு வாயும் ஒரு கண்ணாடியும்

தையல்காரனுக்கு மிஷின் பழுதானாலும் பிழைக்கலாம், வாய் பழுதானால் பிழைக்கேலாது. ஊசியிலை நூல் கோக்கேக்கை நுனியை நனைக்கிறது வாய். நூலைக் கடிச்சு அறுக்கிறது வாய். குண்டூசியைப் பிடிச்சிருக்கிறது வாய். அயன் பண்ணேக்கை துணிக்குத் தண்ணி விசிறுறதும் வாய்தான். இவ்வளவு வேலைக்கும் நடுவிலை, என்ரை இடது கொடுப்புக்கை, பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையிலை, இருபது வருசமா ஒரு துண்டுப் புகையிலை குடியிருந்தது. இதை வாசிக்கிற உங்களிலை ஆராவது இப்ப ஒண்டை அடக்கிக்கொண்டு இருந்தால் துப்பிப்போட்டு வாங்கோ. வெக்கப்படாதேங்கோ, நானும் உங்கடை ஆள்தான்.

தொண்ணூறுகளின்ரை தொடக்கம் அது. அரியாலையிலை, கண்டி றோட்டுக் கரையிலை எனக்குக் கடை. சண்டைக் காலம், அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வர விடேல்லை. துணி தோய்க்கிற சவுக்காரத்துக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை, ரோச் பற்றிக்குத் தடை. புகையிலை மட்டும் தென்பகுதிக்கு அனுப்ப வழியில்லாமல் ஊர் முழுக்கக் குவிஞ்சு கிடந்தது. விடவேணும் எண்டு நினைக்கிறவனை இப்பிடியுமா சோதிக்கிறது?

முதல் நன்மைச் சட்டை

சூசையண்ணை குருநகர் ஆள். கடலுக்குப் போறவர், போகேலாத நாளிலை சைக்கிளிலை மீன் விக்கிறவர். கடைசி மகள் சேர்ச்சிலை முதல் நன்மை வாங்கிற நாளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கத் தந்திருந்தார். கழுத்துக்கு லேஸ், கைக்குச் சுருக்கு, அப்பிடி ஒரு சட்டையை நான் அதுக்கு முன்னம் தைக்கேல்லை. கடைசியா, சிரட்டைக் கரி போட்டு அயன் பெட்டியைச் சூடாக்கி, வாய் நிறையத் தண்ணி எடுத்து, பூ எண்டு விசிறினன். கொடுப்புக்கை கிடந்த சாமானைத் துப்ப மறந்துபோனன்.

சட்டையின்ரை நெஞ்சு முழுக்க மண்ணிறப் புள்ளி. தோய்க்கவும் சவுக்காரம் இல்லை. சூசையண்ணை வரேக்கை சட்டை மேசையிலைதான் கிடக்குது. மனுசன் சட்டையைத் தூக்கி மூக்கிலை வைச்சு, கண்ணை மூடி, நல்லா இழுத்து மணந்தார். "தம்பி, சட்டை கிடக்கட்டும். இந்தக் குப்பைப் புகையிலையை ஆரிட்டை வாங்கினனீர்?"

வாங்கிலை மூண்டு பேர்

என்ரை கலியாண வேட்டியை வெட்டித்தான் அந்தச் சட்டைக்குப் புது நெஞ்சு வைச்சுக் குடுத்தன். அடுத்த மாதம் சூசையண்ணையை ஆஸ்பத்திரியிலை, பல்லு டொக்டரின்ரை அறைக்கு வெளியிலை, நீட்டு வாங்கிலை இருக்கக் கண்டன். எனக்கு இடது கொடுப்பிலை எரிவு, அவருக்கு வலது. பக்கத்திலை பூமணியக்கா. தென்மராட்சிக்காரி, சந்தையிலை மரக்கறி விக்கிறவ. வெத்திலையும் வேண்டாம் பாக்கும் வேண்டாம், வெறும் புகையிலையை அடக்கிற மனுசி. போதாக்குறைக்குப் புருசனுக்குப் புகையிலைத் தோட்டம்.

மூண்டு பேருக்கும் ஒரே கதைதான். கொடுப்புத் தோலிலை வெள்ளை படர்ந்திருந்தது. டொக்டர் ஒரு இளம் பிள்ளை, சிரிப்பே இல்லை. மூண்டு மாதம் புகையிலையைத் தொடாமல் இருந்திட்டு வாங்கோ, வெள்ளை மறையாட்டி வெட்டிச் சோதிக்கவேணும், அதுக்குக் கொழும்புக்குத்தான் போகவேணும் எண்டுது. புற்றுநோய் எண்ட சொல்லை அந்தப் பிள்ளை சொல்லேல்லை, ஆனால் எங்கள் மூண்டு பேருக்கும் அது கேட்டுது. உண்மையைச் சொல்லுறன், நான் முதல் நினைச்சது தொழிலைத்தான். வாயை வெட்டினால் என்னத்தைத் தைக்கிறது, வீட்டிலை என்னத்தைத் தின்னுறது? கொழும்புக்குப் போறதெண்டால் புலியளிட்டைப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலைத் தோணியிலை கடந்து, நேவியின்ரை சூட்டுக்குத் தப்பிப் போகவேணும். படியிறங்கேக்கை பூமணியக்கா சொன்னா: "வீட்டிலை கிடந்து ஆறுதலாச் சாகிற எங்களை, இந்தப் பிள்ளை கடலுக்கை கொண்டுபோய்ச் சாகவெல்லோ சொல்லுது!"

பேணி மாத்தின கதை

திட்டம் போட்டது அக்காதான். ஒருதரும் தன்ரை புகையிலை வைக்கிற தகரப் பேணியைத் தன்னோடை வைச்சிருக்கக் கூடாது. என்ரை பேணி சூசையண்ணையிட்டை, அவற்றை பேணி அக்காவிட்டை, அக்கான்ரை பேணி என்னட்டை. ஆசை வந்தால் மற்றாளிட்டைப் போய்க் கேக்கவேணும், அந்த ஆள் நல்லா ஏசிக் கலைக்கவேணும். எறிஞ்சிருக்கலாமே எண்டு கேளாதேங்கோ. எறிய மனம் வாறவன் ஏன் பல்லு டொக்டரிட்டைப் போறான்?

நாலு நாளா ஒருதரும் ஒருதரிட்டையும் கேட்டு வரேல்லை. எல்லாரும் திறமான ஆக்கள் எண்டு நான் சந்தோசப்பட்டன், என்னைத் தவிர. ஐஞ்சாம் நாள் மூண்டு பேணியையும் வெட்டுமேசையிலை வைச்சுத் திறந்தம். மூண்டும் துடைச்செடுத்த மாதிரி வெறும் பேணி. ஒருதரும் தன்ரையைத் தொடேல்லை, சத்தியமா. காவலுக்குத் தந்ததைத்தான் முடிச்சிருக்கிறம். நானும் சூசையண்ணையும் வெக்கத்திலை நிலத்தைப் பாக்கிறம், பூமணியக்காவுக்கு ஒரு கூச்சமும் இல்லை. "சூசையண்ணை, உங்கடை பேணியிலை இருந்தது எங்கடை தோட்டத்து இலை. என்ரை மனுசன் நல்லதை உங்களுக்கு வித்துப்போட்டு, கழிவையெல்லோ எனக்குத் தந்திருக்குது!"

நாலு மணிச் சோதனை

அதோடை சட்டம் மாறினது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு என்ரை கடையிலை கூடவேணும். சட்டை போட்டுப் பாக்கிற கண்ணாடியை வாசலுக்கு இழுத்து, வெயிலை வாய்க்குள்ளை அடிச்சு, ஒருதற்றை கொடுப்பை மற்றவர் இழுத்துப் பாக்கவேணும். மணந்தும் பாக்கவேணும். நாள் முழுக்க மீன் வித்த சூசையண்ணையின்ரை வாயை மணக்கிறது லேசான காரியமில்லை, கண்டியளோ. தோட்டத்துக் குடிலிலை புகையிலைக்குப் புகை போடுற நாளிலை, அந்த மணத்துக்குத் தப்பி அக்கா விடியவே கடைக்கு வந்திடுவா. நான் தெறி, அதுதான் சட்டைப் பொத்தான், தைக்கக் குடுப்பன். கோதாரி பிடிச்ச புகையிலை எண்டு திட்டித் திட்டித் தைப்பா.

ஒருநாள் ஒரு கலியாணப் பொம்பிளையின்ரை தாய் பிளவுஸ் எடுக்க வந்தவ. நான் ஆவெண்டு கொண்டு நிக்கிறன். பூமணியக்கா என்ரை வாய்க்குள்ளை விரலை விட்டுக்கொண்டு நிக்கிறா. சூசையண்ணை கண்ணாடியைப் பிடிச்சபடி, "இழு, இன்னும் இழு, விடாதை!" எண்டு கத்துறார். அந்த மனுசி படியிலேயே நிண்டிட்டுது. "நான் பேந்து வாறன், நீங்கள் ஆறுதலாச் சண்டை பிடிச்சு முடியுங்கோ."

ஐஞ்சாவது தெறி

கொடுப்பு வெறுமையாக் கிடந்தால் விசர் வரும், பட்டவைக்குத் தெரியும். நான் ஒரு வழி கண்டுபிடிச்சன். புகையிலைக்குப் பதிலா ஒரு சட்டைத் தெறி. உருட்டலாம், உறிஞ்சலாம், துப்பத் தேவையில்லை. ஒரே ஒரு பிழை, புகையிலை இருக்கேக்கை வாயைத் திறக்காமல் தைச்சவன், இப்ப வாறவை போறவை எல்லாரோடையும் கதைக்கத் தொடங்கிட்டன்.

பென்சன் எடுத்த மாஸ்ரர் ஒராள் சட்டை எடுக்க வந்தவர். அந்தச் சட்டையின்ரை கடைசித் தெறியை வாய்க்கை உருட்டிக்கொண்டு அவருக்கு ஒரு பகிடி சொன்னன். பகிடிக்கு அவர் சிரிக்கேல்லை, நான்தான் சிரிச்சன். தெறி தொண்டையாலை வயித்துக்கை போட்டுது. தெறியும் கடையிலை கிடைக்காத காலம், அது மாதிரி இன்னொண்டு ஊரிலை இல்லை. "மாஸ்ரர், நாலு தெறி தைச்சிருக்கு, ஐஞ்சாவது..." எண்டு வயித்தைத் தடவினன். மாஸ்ரர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பப் போட்டார். "அவசரமில்லை. நாளைக்கோ நாளையிண்டைக்கோ வாறன். வடிவாக் கழுவித் தையும்."

கொழும்புத் தையல்

மூண்டு மாதம் முடிஞ்சு அதே வாங்கு. அக்காவுக்கு வெள்ளை மறைஞ்சிட்டுது. எனக்கும் மறைஞ்சிட்டுது. சூசையண்ணைக்கு மறையேல்லை. பேணி முடிஞ்ச நாளிலை இருந்து சுத்தமா விட்ட ஆள் அவர். நான் இடையிலை இரண்டு தரம் களவாப் போட்டு, நாலு மணிக்கு முதல் வாய் கொப்புளிச்சனான், இண்டைக்குத்தான் சொல்லுறன். எனக்கு அழுகை வந்திட்டுது. வேட்டியிலை மிஞ்சின துணியிலை, கொழும்புக்குப் போட்டுக்கொண்டு போக அவருக்கு ஒரு சட்டை தைச்சன். மனுசன் தெறியை ஒவ்வொண்டாத் தடவிப் பாத்திட்டுக் கேக்கிறார்: "தம்பி, இதிலை மாஸ்ரற்றை தெறி ஒண்டும் இல்லைத்தானே?"

ஆறு கிழமையா ஒரு செய்தியும் இல்லை. நானும் அக்காவும் நாலு மணிக்குக் கண்ணாடியை இழுத்து, ஒருதற்றை வாயை ஒருதர் பாத்திட்டுப் பிரிவம். மூண்டாவது வாய் இல்லாமல் கடையே வெறிச்சோடிக் கிடந்தது. ஒருநாள் சரியா நாலு மணிக்கு அதே சட்டையோடை படியிலை வந்து நிக்கிறார் சூசையண்ணை. வெட்டி எடுத்தாச்சாம், சோதிச்சதிலை கெட்டது ஒண்டும் இல்லையாம், இனிப் புகையிலை அடக்காட்டிச் சரியாம். பூமணியக்கா ஓவெண்டு அழுதா, அழுதழுதே கண்ணாடியை வாசலுக்கு இழுத்தா. சூசையண்ணை வாயைத் திறந்தார். கொடுப்புக்கை ஒரு தையல் அடையாளம், கிட்டக் கிட்ட, ஒரே அளவிலை. அக்கா விரலாலை இழுத்து வடிவாப் பாத்திட்டு என்ரை பக்கம் திரும்பினா. "கோவியாதை தம்பி, உந்தக் கொழும்பு டொக்டர் உன்னைவிட நல்லாத் தைச்சிருக்கிறான்."

அந்த நாளையிலை யாழ்ப்பாணத்துக்குப் போட்ட எத்தினையோ தடையளிலை உருப்படியானது, நாங்கள் மூண்டு பேரும் எங்கடை வாய்க்கு நாங்களே போட்டது ஒண்டுதான்.