மதுவும் வேண்டாம், இறைவனும் வேண்டாம்

கல்லூரியில் அவரை எல்லோரும் சூஃபி மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். சூஃபிகள் இறைவனைக் காதலித்துப் பாடிய ஞானிகள் என்று எங்கோ கேள்விப்பட்டவர்கள், அவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மேடமும் கண்ணை மூடிப் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து வருவார்கள். வந்த வேகத்தில் திரும்பிப் போவார்கள். மேடத்துக்கு மூக்கு நுனியில் கோபம்.

"சூஃபின்னா அமைதிதானே மேடம்? நீங்க ஏன் இப்படி எரிஞ்சு விழறீங்க?" என்று ஒருநாள் வேதியியல்காரர் கேட்டார். அவருடைய துறையின் பழைய விடைத்தாள் கட்டுகளெல்லாம் மேடத்தின் அறையில்தான் கிடந்தன. மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையைக் கல்லூரி பாதி கிடங்காகவும் பாதி பாரசீகத் துறையாகவும் வைத்திருந்தது.

"அமைதி அவங்களுக்கு சார். நான் அவங்களைப் படிக்கிறவ. உங்க லேப்ல ஆசிட் இருக்குன்னு நீங்க புளிச்சா போயிட்டீங்க? முதல்ல இந்தக் கட்டைத் தூக்குங்க."

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளி முடித்ததும் பாரசீகம் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, பெரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "குடிகாரப் பாட்டைப் படிக்கப் போறாளாம்! நல்லா இருக்குடி உன் படிப்பு!" பிறகு முதல் வேலைக்கான நேர்காணலில், எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய பெயரை ஒருமுறை பார்த்தார், முக்காட்டை ஒருமுறை பார்த்தார். "இங்க இலக்கியம் நடத்துவீங்களா, மதம் நடத்துவீங்களா?" என்று கேட்டார். சொந்தக்காரர்களுக்கு அவர் மதத்தை விட்டு விலகியவர். வெளியாட்களுக்கு மதத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவர். இரு தரப்பும் அவர் படித்ததில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

அவர் தன் வாழ்நாளைக் கொடுத்தது ஒரே ஒரு கவிஞருக்கு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவருடைய கவிதைகள் அச்சேறவே இல்லை; மூன்று தூரத்து நூலகங்களில் மூன்று கையெழுத்துப் பிரதிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றின் படங்களை வரவழைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, எது கவிஞர் எழுதியது, எது பிரதியெடுத்தவர் செய்த பிழை என்று முடிவு செய்து, பிறகு தமிழில் பெயர்க்க வேண்டும். ஒரு பிரதியில் பூச்சி, சரியாக ஒரு சொல்லின் நடுவயிற்றில் ஓட்டை போட்டிருந்தது. இன்னொன்றில் பிரதியெடுத்தவர் அசந்துபோய் இரண்டு அடிகளை விட்டுவிட்டு, அவற்றைப் பக்க ஓரத்தில் சாய்வாக எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தார். மூன்றாவதில் மது என்று வந்த இடமெல்லாம் யாரோ மை பூசியிருந்தார்கள். என்றோ செத்துப்போன அந்த ஆளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே மேடம் வாய் நிறையத் திட்டினார்.

அந்தக் கவிதைகளில் வரும் மது, மனிதன் தன்னை மறக்கும் நிலையைக் குறிக்கும். ஆனால் அதற்காக மதுக்கடையை இடித்துவிட முடியாது. ஊர் காறித் துப்பும் இடத்தில் நின்றுகொண்டுதான் கவிஞர் இறைவனைக் கூப்பிடுகிறார். அந்த அவமானம் வேண்டும். அந்த இறைவனும் வேண்டும்.

மேடத்தின் முடி நரைத்தது. நூல் முடிந்தது. அது அச்சில் வந்தால்தான் பேராசிரியர் பதவி என்று முதல்வர் கறாராகச் சொல்லியிருந்தார். ஓய்வு பெறுவதற்குள் கிடைக்கக்கூடிய கடைசி வாய்ப்பு அது. ஒரு பதிப்பகம் சம்மதித்தது. அதுவும் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன், ஐந்நூறு பிரதிகளை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான். அச்சுப்படியைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று மேடம் சொல்லிவைத்தார்.

அச்சுப்படி வந்த அன்றே பதிப்பகத்து எடிட்டர் போனில் பேசினார்.

"மேடம், முன்னாடி இருந்த புகழ்ச்சியையெல்லாம் எடுத்துட்டேன். இறைவனைப் புகழ்றார், நபியைப் புகழ்றார், பக்கம் பக்கமா போகுது. இப்ப வாசகர்களுக்கு ஆன்மிகம் வேணும், மதம் வேண்டாம்."

"அதுதாங்க வாசல். வாசலை இடிச்சுட்டு வீட்டுக்குள்ள எப்படிப் போவீங்க?"

"அப்புறம் அல்லாஹ்னு வர்ற இடமெல்லாம் பிரபஞ்சம்னு மாத்தியிருக்கேன். சும்மா சொல்லக் கூடாது மேடம், அழகா உக்காருது!"

மேடம் பல்லைக் கடித்தார். மறுநாள் அண்ணன் வீடு தேடி வந்தார்.

"உன் புத்தகத்தைப் பதிப்பகத்துல காட்டினாங்கம்மா. பெருமையா இருக்கு. இந்தச் சாராயத்தை மட்டும் எடுத்துடு. நம்ம மண்டபத்துல வெளியீட்டு விழா வெச்சு, பெரியவங்களை உக்கார வெச்சுட்டு, மதுக்கடைக்காரன் வந்தான், கிண்ணத்தை நிரப்பினான்னு வாசிக்க முடியுமா?"

மேடம் சனிக்கிழமை காலை இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். கட்டுகளை நகர்த்தி இரண்டு நாற்காலிகள் போட்டார். வெட்டாத முழுப் பிரதி ஒன்றை மேசையில் வைத்து, எடிட்டர் கையில் சிவப்புப் பென்சிலையும், அண்ணன் கையில் நீலப் பென்சிலையும் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் வேண்டாங்கறதை அடிங்க. மிச்சத்தை அச்சடிப்போம்."

இருவரும் வெட்கப்படுவார்கள் என்று அவர் நினைத்தார். அவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் ஒரு கவிதை வந்தது:

இறைவா, உன் பெயரைச் சொல்லித் தொழ நின்றேன்.
மதுக்கடைக்காரன் என் பெயரைக் கேட்டான்; எனக்கு நினைவில்லை.

சிவப்பு முதல் அடியை அடித்தது. நீலம் மதுக்கடைக்காரனை அடித்தது.

"என்னங்க இது, இறைவனையே அடிக்கிறீங்க?" அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நீங்க மட்டும் என்ன சார்? இந்தப் புத்தகத்துலயே நல்ல இடம் அந்த மதுக்கடைதான். அட்டையில போடலாம்னு வெச்சிருந்தேன்!"

"அட்டையிலயா! மானம் போயிடும்."

மேடம் எட்டிப் பார்த்தார். இரு கோடுகளுக்கும் தப்பிக் காகிதத்தில் மிஞ்சியிருந்தது, என் பெயரைக் கேட்டான், எனக்கு நினைவில்லை என்பது மட்டும்தான்.

இனி அடித்துக்கொண்டு வெளியே போவார்கள் என்று அவர் காத்திருந்தார். அதுவும் நடக்கவில்லை. அண்ணன் கடை நடத்துகிறவர். பேரம் அவருக்குக் கைவந்த கலை. குரலைத் தணித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி தம்பி. உங்க இஷ்டமும் வேண்டாம், என் இஷ்டமும் வேண்டாம். இறைவனை நீங்க பேரருள்னு வெச்சுக்கங்க. அதுல தப்பில்லை."

"அப்போ நீங்க மதுவை விட்டுக் கொடுங்க."

"பானம்னு போடுங்க."

"பானக்கடைக்காரன்... ஓகே சார், ஓசை கூட வருது."

இருவரும் சிரித்தார்கள். எடிட்டர் கை நீட்டினார், அண்ணன் குலுக்கினார். பென்சில்கள் வேகமாக ஓடத் தொடங்கின. அந்த அறையில் அந்த நூலைப் படித்த ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேடத்துக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. மேசையிலிருந்து பிரதியை வெடுக்கென்று பிடுங்கினார். சிவப்புப் பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

"என்ன, ஜூஸ் கடையா வைக்கறீங்க? அந்த ஆள் மதுக்கடை வாசல்ல நின்னு அல்லாஹ்வைக் கூப்பிட்டாரு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ற தைரியம் அவருக்கு இருந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதியைக்கூடத் தாங்க முடியலை. எழுந்திரிங்க!"

"மேடம், கோபப்படாதீங்க. சூஃபி புத்தகத்துக்குப் போய்..."

"அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா இந்தக் கட்டைத் தூக்கி மண்டையில போட்டுடுவேன்."

எடிட்டர் வாசல்வரை போய்த் திரும்பினார். "நாங்க போடலைன்னா வேற யாரும் போட மாட்டாங்க மேடம். உங்க பதவிக்கு ஆசைப்பட்டாவது யோசிங்க."

"யோசிச்சாச்சு. போங்க."

"என் ஐந்நூறு பிரதி..." என்று அண்ணன் இழுத்தார்.

"அண்ணே, டயர் வாங்குறவன் பாதி டயர் கேட்டா கொடுப்பீங்களா? நீங்களும் கிளம்புங்க."

திங்கட்கிழமை மேடம் முதல்வரிடம் போய், கல்லூரியின் இணையதளத்தில் நூலை முழுதாகப் போடப் போவதாகச் சொன்னார். போடுவதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் பதிப்பகத்தின் பெயர் இல்லாதது புத்தகக் கணக்கில் வராது, பதவியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் முதல்வர். மேடம் சரி என்று சொல்லிவிட்டு எழுந்தார். அறைக்கு வந்து, புகழ்ச்சியும் மதுவும் அடிக்குறிப்புகளுமாக எல்லாவற்றையும் ஏற்றினார். அழுகை வரும் போலிருந்தது. அதற்கும் சேர்த்து வேதியியல்காரரைக் கூப்பிட்டு, கட்டுகளை எப்போது எடுப்பீர்கள் என்று கத்தினார்.

சில நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். சும்மா கூப்பிட்டேன் என்றார். கடையில் கூட்டமில்லை என்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அந்த மதுக்கடைக்காரன் பாட்டு இருக்கே. அவன் பேரைக் கேட்டதும் இவருக்கு ஏன் மறந்து போச்சு? என்னம்மா அர்த்தம் அது?"

மேடத்துக்குச் சட்டென்று சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே கோபம் பொங்கி வந்தது.

"நீலப் பென்சிலால அடிச்சீங்களே அண்ணே. அர்த்தம் தெரியாமலா அடிச்சீங்க?"

அண்ணன் செருமினார்.

"முதல் பக்கத்துலேர்ந்து படிங்க. ஒரு வரியைத் தாண்டக் கூடாது. படிச்சு முடிச்சுட்டு வந்து கேளுங்க, சொல்றேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் அதற்குள் போனை வைத்துவிட்டார்.