காற்று படாத படிகம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். கைப்பையில், துணியில் சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் உடைத்த கல்கண்டு மாதிரி நாலைந்து படிகங்கள். அவற்றைச் செய்தவள் என் தோழி. அவள் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இருவரும் மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவிகள். எங்கள் அத்தாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். அவளுடைய அப்பா அம்மா மேலே மலையில் ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுப்பவர்கள். டைட்டானியம் ஆல்காக்சைடு என்ற சேர்மங்களில்தான் எங்களுக்கு வேலை. பல டைட்டானியம் அணுக்களை ஆக்சிஜனால் கோத்து ஒரே மூலக்கூறாக்க வேண்டும். காற்றின் ஈரம் பட்டால் போச்சு, வெள்ளை மாவாகிவிடும். நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள், கையுறை வழியாகக் கைவிட்டுத்தான் எல்லாம் செய்வோம். உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்க்க, நல்ல படிகம் வேண்டும். அவளுக்கு வெகுநாளாகக் கூழும் மாவும்தான் கிடைத்தன.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனாள். மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் முற்றிவிட்டது.

அவளுடைய குடுவைகளைக் கழுவி வைக்கச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜில் இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், அடியில் மினுமினுவென்று படிகங்கள். எக்ஸ்ரேயில் அமைப்பு சுத்தமாக வந்தது. நான்கு டைட்டானியம், அவள் வரைந்து காட்டிய அதே அடுக்கில். மிச்சமிருந்ததைக் காற்று புகாமல் கண்ணாடிக் குழாயில் அடைத்து, வாயை உருக்கி மூடி, அவள் அம்மாவிடம் காட்டக் கொண்டுபோனேன்.

எஸ்டேட் வீட்டு வாசலில் அம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எம்மக கையால செஞ்சதா, தாயி?"

"ஆமாம்மா."

"தொட்டுப் பாக்கலாமா?"

காற்று பட்டால் வீணாகிவிடும், இவ்வளவுதான் மிச்சம் என்றேன். உடனே குழாயை என்னிடம் நீட்டினார்.

"அப்ப வேணாம். பத்திரமா கொண்டு போயிரு."

என்னால் வாங்க முடியவில்லை. யாருக்காகப் பத்திரம்? குழாயின் கழுத்தை உடைத்து, ஒரு சில்வர் தட்டில் கொட்டினேன். அம்மா குனிந்தார். வாசல்வரை மூடுபனி இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிகங்கள் ஓரம் மங்கி, பால் கலந்ததுபோல் வெளுத்துக்கொண்டே வந்தன. மெல்ல ஒரு விரலால் தொட்டார்.

"எம்புட்டு வெரசா..." என்றார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா எழுந்து ஏலச்செடிகளுக்குள் போய்விட்டார்.

இன்றும் அதே படிகங்களைத்தான் வளர்க்கிறேன். நல்லதாக ஒன்று விளைந்து, அளவெடுத்து, பத்திரமாக மூடி வைக்கும்போதெல்லாம், இதைத் தொட்டுப் பார்க்க வேண்டியவர் எங்கோ ஒருவர் இருப்பாரே என்று அந்த அம்மாவின் விரல்தான் மனசில் வந்து நிற்கிறது.