பூஜை அறைக்குப் போன ஒயர்

பிளாக்பள்ளியில் ஆம்ப்ரோஸ் என்ற பேரில் இரண்டு பேர். ஒருவர் மாதா கோயிலில் மணி அடிப்பவர், இன்னொருவர் ஒயர்மேன். வாய் நீளமான ஆம்ப்ரோஸ் வீடு எது என்று கேட்டால் எல்லோரும் ஒயர்மேன் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

1938ஆம் வருஷம் ஆடி மழையில் அவருக்கு எலெக்ட்ரிக் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாம்ராஜ்பேட்டை சேஷகிரி வீட்டில் அவர் செய்த வேலை மட்டமாம். சுவரில் ஷாக் அடிக்கிறதாம். பதினைந்து நாளில் சமாதானம் சொல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து. பதினெட்டு வருஷம் சோறு போட்ட லைசென்ஸ். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சாம்ராஜ்பேட்டைக்குப் போனார்.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ரிடையரான சேஷகிரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “நீ போட்ட ஒயர் மட்டம். பூஜை ரூம் சுவத்தைத் தொட்டா சுரீர்ங்கறது. நேத்து ஆத்துக்காரி கையை உதறிண்டு ஓடி வந்தா.”

“மட்டம்னா லைசென்ஸை நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன் சார். எங்க மட்டம்னு மொதல்ல பார்ப்போம்.”

எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். ஒரு விளக்கும் எரியவில்லை, ஆனாலும் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயோ கரண்ட் கசிகிறது. மெயினை நிறுத்தினார். ஏணி போட்டு, சுவரோடு ஓடும் தேக்குப் பட்டையின் மூடியை முழம் முழமாகக் கழற்றினார். உள்ளே ஒயர் போட்ட அன்று இருந்த மாதிரியே இருந்தது. பட்டை பூஜை அறைக்குள் நுழையும் இடத்தில் சேஷகிரி கையை நீட்டி மறித்தார்.

“உள்ளே வரப்படாது.”

“இந்தப் பட்டையை உள்ள இழுத்ததே நான்தான் சார். கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி. அப்ப சாமி வரல, நான் வந்திருந்தேன்.”

“அப்ப வேற, இப்ப வேற.”

“நான் பார்க்கக்கூடாத ஒயருக்கு என்மேல புகார் மட்டும் எழுதலாமா?”

சேஷகிரியின் மனைவி பாகீரதி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “என்ன பார்க்கணும்னு சொல்லுப்பா, நான் பார்க்கறேன்.”

“மெயினை நிறுத்திட்டேன்மா, பயப்படாதீங்க. பட்டை மேல என்ன இருக்கு?”

“பெருமாள் படம்.”

“எதுல மாட்டியிருக்கு?”

பாகீரதி படத்தை இறக்கினார். நடுவிரல் நீளத்துக்கு ஓர் ஆணி தேக்குப் பட்டையில் இறங்கியிருந்தது.

ஆம்ப்ரோஸுக்கு இது புதிதில்லை. இந்த ஊர்க் கல் சுவரில் ஆணி ஏறாது, வளைந்துகொள்ளும். பக்கத்திலேயே மரப்பட்டை ஓடினால் யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். உள்ளே ஒயர் ஓடுவது அப்போது ஞாபகம் வராது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழையில் சுவர் ஊறியதும் ஆணி வழியாகக் கரண்ட் சுவருக்கு இறங்கிவிடும்.

“யார் அடிச்ச ஆணிம்மா?”

பாகீரதி கணவரைப் பார்த்தார்.

“சுவத்துல ஏறலை. பலகை சும்னே, சும்மாதானே இருந்தது,” என்றார் சேஷகிரி. “சரி, மாத்திக் குடு. சாயங்காலம் ரயில்ல மாப்பிள்ளை வரார்.”

ஆம்ப்ரோஸ் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். “மொதல்ல ஆபீஸுக்கு லெட்டர் எழுதுங்க.”

“நாளைக்கு எழுதறேன்.”

“புகாரை நாளைக்குன்னு தள்ளிப் போட்டீங்களா சார்?”

“வேற ஒயர்மேன் இல்லையா ஊர்ல?”

“கூப்பிடுங்க. பட்டை திறந்தேதான் இருக்கு. அவரும் ஆணியைப் பார்த்துட்டு நாலு பேர்கிட்ட சொல்லட்டும்.”

வெளியே மழை வலுத்தது. கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. சேஷகிரி மூன்று தடவை வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துவிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வேலையில் கோளாறு இல்லைன்னு எழுதிட்டேன். போறுமா?”

“போதாது சார். ஆணின்னு எழுதுங்க. யார் அடிச்சதுன்னும் எழுதுங்க.”

பேனா நின்றது.

“எழுதுங்கோ,” என்றார் பாகீரதி. “நீங்க அடிச்சதுதானே? மாப்பிள்ளையை இருட்டுலயா உக்கார வைக்கறது?”

சேஷகிரி எழுதினார். ஆம்ப்ரோஸ் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மை காய்ந்ததும், தானே தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு புது ஒயரும் கட்டிங் பிளையரும் எடுத்துக்கொண்டு பூஜை அறை வாசலுக்கு வந்தார். சேஷகிரி அங்கேதான் நின்றார்.

“இதை அம்மாவால மாத்த முடியாது சார்.”

சேஷகிரி நகரவில்லை. உள்ளேயிருந்து பாகீரதி, “ஸ்வல்ப தள்ளி நில்லுங்கோ, அவன் வரட்டும்,” என்றார். “பார்த்து வாப்பா, தரை ஈரமா இருக்கு.”