சோப்பு போட்ட குட்டி

ஆடு வளக்கறது சுலுவுன்னு சொல்றவங்க எல்லாம் ஆட்ட தட்டுல மட்டும் பாத்தவங்க. ஆட்டுக்குப் பின்னாடி ஓடியே செருப்பு தேஞ்சி இங்க உக்காந்துகினு கீற நம்ம ஜனங்களுக்குத் தெரியும்.

நான் பத்தாவது ரெண்டு தபா எழுதினேன். ரெண்டு தபாவும் ஒரே மார்க்கு, மாத்திக்கல. எனக்கு நல்லா வரது ஒண்ணுதான், யார் மாதிரி வேணா பேசுவேன். கண்டிகை பஸ் கண்டக்டரு, எங்க நைனா, வெள்ளாடு, எல்லாம் வரும். நைனா யோசிச்சாரு. சினையா இருந்த கருப்பு ஆட்ட என் கைல புடிச்சிக் குடுத்தாரு. "இது போடற குட்டி பால் மறக்கற வரைக்கும் டைமு. ஒழுங்கா வளத்தா மொத்த ஆடும் உன் பொறுப்பு. இல்லேன்னா காத்தால கம்பெனி பஸ்ஸு வரும், ஏறிக்கோ."

கம்பெனில வேல முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அங்க போற சிநேகிதி சொன்னா. நமக்கு அது ஆவாது.

குளியல்

குட்டி காத்தால பொறந்துச்சு. மேலெல்லாம் வழவழன்னு பாக்க சகிக்கல. நம்ம பேர்ல பொறந்த மொத குட்டியாச்சேன்னு வெந்நீர் வெச்சி, சந்தன சோப்பு போட்டு குளிப்பாட்டி, துவட்டி, பவுடரும் அடிச்சேன். தாய் ஆடு வந்து மோந்து பாத்துச்சு. குட்டி வாசன வரல, எங்க பாத்ரூம் வாசன வந்துச்சு. வுட்டுது ஒரு முட்டு, குட்டி சுவத்தாண்ட போய் வுழுந்துச்சு. மறுபடி கொண்டாந்து வுட்டேன். மறுபடி முட்டுச்சு. உங்கள்ல எத்தினி பேரு இத பண்ணீங்கன்னு தெரியாது, கைய தூக்க வேணாம்.

நைனா வந்தாரு. குனிஞ்சி குட்டிய மோந்தாரு. "இன்னாமா, இத பொண்ணு பாக்க வராங்களா?"

ஆஸ்பத்திரி

குட்டிய துண்டுல சுத்தி ஆட்டோல திருத்தணி மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போனேன். ஆடிக்கிருத்திகைக்கு ரெண்டு நாள் இருந்துச்சு, அதுக்குள்ளயே ரோடு பூரா காவடி. ஆட்டோ ஊர்ந்துகினு போச்சு.

டாக்டராண்ட தாய் எப்பிடி முட்டுச்சு, எப்பிடி கத்துச்சு, குட்டி எப்பிடி வுழுந்துச்சு, எல்லாத்தயும் நடிச்சே காட்டினேன். பின்னாடி மாடு புடிச்சிகினு நின்னவரு, முட்டறத மட்டும் இன்னொரு தபா கேட்டாரு. அதயும் செஞ்சேன். டாக்டரு பொறுமையா இருந்துட்டு, சீம்பால் குடிச்சுதா, எவ்ளோ குடிச்சுது, கழிஞ்சுதா, இன்னா கலர்லன்னு கேட்டாரு. அதுல ஒண்ணத்தயும் நான் பாக்கவே இல்ல.

மொதல்ல தாயாண்ட பீச்சி புட்டில ஊட்டச் சொன்னாரு. அந்தப் பாலயே குட்டி முதுகுலயும் வாலாண்டயும் தடவணும், ரெண்டையும் தனியா ஒரு மூலைல கட்டணும், தாய் கால புடிச்சிகினு குட்டிய குடிக்க வுடணும், பக்கத்துல சத்தமே இருக்கக் கூடாது. கடைசியா சொன்னாரு: "ஆடு மாதிரி நல்லா கத்தறம்மா. ஆடு இன்னா பண்ணுச்சுன்றததான் இன்னும் சொல்லல."

வாய்க்கட்டு

ஒரு நாளைக்கு அஞ்சு தபா. கால புடிச்சிகினு, வாய மூடிகினு. மொத நாளு தாடை வலிச்சுது. மூணாம் நாளும் ஒதைதான். நாலாம் நாளு தாய் ஆடு குட்டியோட வால மோந்துட்டு ஒரு சத்தம் போட்டுச்சு. வாயத் தொறக்காம மூக்குலயே, போன் வைப்ரேட்டுல இருக்கற மாதிரி. இத்தினி வருஷமா ஆடு மாதிரி கத்தறேன், இத நான் கேட்டதே இல்ல. எங்க கேக்கறது, நான்தான் கத்திகினு இருந்தேனே. மெதுவா கால வுட்டேன். முட்டல. நக்குச்சு.

அந்த நேரம் பாத்து ஆர்.கே.பேட்டைலருந்து எங்க பாவா, அதான் அக்கா வூட்டுக்காரரு, வந்தாரு. பாவா தறி ஓட்டறவரு. அவரு வந்தா தறி மாதிரி டக்குடக்குனு சத்தம் போட்டுதான் வாங்கன்னு சொல்லுவேன். அன்னிக்கு வாய்மேல வெரல வெச்சு காட்டினேன். பாவா செருப்ப கழட்டாமயே உள்ள போய் எங்க அம்மாவாண்ட கேட்டாரு: "அத்தே, ஃபாதர கூட்டியாந்து ஒரு ஜெபம் வெச்சிடலாமா?"

மணவூர்க்காரரு

குட்டி பால் மறந்து தழை கடிக்க ஆரம்பிச்சுது. வளக்கறதுக்கு குட்டி வோணும்னு மணவூர்லருந்து ஒருத்தரு வந்தாரு. பல்லப் பாத்தாரு, கால தூக்கிப் பாத்தாரு. "எதுனா நோவு இருக்குதா?"ன்னாரு. நைனா வேப்பங்குச்சியால பல்லு தேச்சிகினு தூரமா நின்னாரு.

இல்லன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆவாது. தரகர் மாதிரி பேசறதும் எனக்கு அத்துப்படி. ஆனா சொன்னேன்: "முந்தாநேத்து கழிசல் ஆச்சுங்க, பச்சையா, மூணு தபா. நேத்து நின்னுடுச்சு. இடம் மாறினா மறுபடி வரும். இன்னும் பத்து நாள் போவட்டும், அப்பால வாங்க."

அவரு என்னப் பாத்தாரு, குட்டியப் பாத்தாரு, நைனா பக்கம் திரும்பினாரு. "இன்னாங்க, வாங்க வந்தவனையே தொரத்துது உங்க பொண்ணு. நீங்களாவது சொல்லுங்க, இப்பவே குடுத்துடலாம்ல?"

நைனா துப்பிட்டு சொன்னாரு: "ஆடு அதோடதுங்க. அதாண்டயே கேளுங்க."

நான் ஏற வேண்டிய கம்பெனி பஸ்ஸு இப்போ தினமும் காத்தால என் ஆடுங்க ரோட்ட தாண்டற வரைக்கும் நின்னுகினு கீது, அந்த ஹாரன் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் சரியா வரல.