நாற்பது நிமிடம் பிந்தும் டைமர்

குளத்துக்காரர் தன் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒரே ஒரு வார்த்தை. நாற்பத்தோரு வயதில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நீச்சல் தெரியுமா?" என்ற கேள்விக்கு "தெரியும்" என்றார். அவ்வளவுதான். கேட்டவரும் துருவிக் கேட்கவில்லை. எப்போதிலிருந்து வர முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்காக அவரை உடனே ஏசிவிட வேண்டாம். மனுஷன் பதினேழு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்கியவர். புது லிஃப்ட் வந்தது, பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று ஆனது, அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் வேலையில்லை. மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீங்கிய காலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில், நான்கு கட்டடங்கள் சேர்ந்த ஒரு குடியிருப்பில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றால், இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மீதிப் பேர் யோசித்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள்.

மனைவி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். தலைக்குக் குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை அவளுக்குத் தெரியாதா?

"நீங்க? குளத்துக்கா? தண்ணி உங்களப் பாத்துச் சிரிக்கும்."

"சுத்தம் பண்றதுதாம்மா வேலை. உள்ள யாரு இறங்கச் சொன்னா?" என்று அவர் சமாளித்தார்.

சுத்தம் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதும் உண்மை. வலை போட்டு இலை அள்ளுவார், நீளத் தூரிகையால் ஓடுகளைத் தேய்ப்பார், குளோரினை அளந்து போடுவார். ஜனங்கள் குளிக்கும் நேரத்தில் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, யாராவது ஓடினால் விசில் ஊதுவார். விசிலை வைத்தே ஆறு வருடத்தை ஒப்பேற்றினார். யாரும் மூழ்கவில்லை. அது அவர் சாமர்த்தியமும் இல்லை, யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

ஏழாவது வருடம், ஒரு சாயங்காலம், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மேடத்துடைய ஆறு வயது மகள் ஆழமான பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். குளத்துக்காரர் ஓரத்துக்கு ஓடினார். ஓடியவர் அங்கேயே நின்றார். கால் நகரவில்லை. பிள்ளையின் தலை ஒரு முறை மேலே வந்து உள்ளே போனது. அவர் கையில் இலை அள்ளும் வலைக்கம்பு இருந்தது. அதை எப்படியோ நீட்டினார். பிள்ளை எப்படியோ பிடித்துக்கொண்டது. இழுத்துப் போட்டார்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பதறிக் குதிக்காமல் கம்பை நீட்டினாரே, அனுபவம் என்றால் இதுதான் என்றார்கள். செயலாளர் மேடம் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். குளத்துக்காரருக்கு அந்தக் கைகளை உதறிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நீச்சல் கற்க ஆரம்பித்தார். யாரிடம்? தன்னிடமேதான். மத்தியானம் பன்னிரண்டரைக்குக் குளத்தின் பக்கம் ஒரு ஈ காக்கை இருக்காது. வாசல் கதவைப் பூட்டுவார். பம்ப் அறைக்குப் போய் மெயின் சுவிட்சின் பெரிய கைப்பிடியைக் கீழே இழுத்து விடுவார். பம்ப் ஓடினால் தண்ணீர் ஒரு பக்கமாகத் தள்ளும், அடியில் இருக்கும் துளை காலை இழுத்துவிடுமோ என்று உதறல் எடுக்கும். போதாததற்கு, தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று எங்கோ கேட்டிருந்தார். ஆகவே எல்லாம் அணைந்த பிறகுதான், ஆழம் குறைந்த பக்கத்துப் படிகளில் ஒவ்வொரு படியாக இறங்குவார். சரியாக நாற்பது நிமிடம். துவட்டிக்கொண்டு, கைப்பிடியை மேலே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். குளோரின் வாசனை ஆறு வருடமாகவே உடம்பில் ஊறியிருந்ததால் மனைவிக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

பம்பை ஓட்டுவது ஒரு டைமர். சுவர்க் கடிகாரம் மாதிரி வட்ட முகம், சுற்றிலும் இருபத்து நான்கு மணி நேரம். காலை எட்டுக்குப் பம்பைப் போட்டு மாலை நான்குக்கு நிறுத்த வேண்டும். சாயங்காலம் ஜனங்கள் வருவதற்குள் தண்ணீர் சுத்தமாகிவிடும். இரண்டு வாரத்தில் அந்த டைமருக்குக் கிறுக்குப் பிடித்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு ஓட ஆரம்பித்து ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் உறுமியது. பம்ப் அறைக்கு மேல்வீட்டுக்காரர் தூக்கமில்லாமல் சங்கத்தில் போய்க் கத்தினார். தண்ணீர் கலங்கிப் பச்சை தட்டத் தொடங்கியது.

பம்ப் மெக்கானிக் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வேறொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, அந்த வருடம்தான் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தான். இந்தக் குடியிருப்புதான் அவனுடைய முதல் ஒப்பந்தம். டைமரின் முகத்தைத் திருப்பிச் சரியான நேரத்தில் வைத்துவிட்டுப் போனான். வாரம் திரும்புவதற்குள் மறுபடி பிந்தியது. புது டைமர் வாங்கிப் போட்டான். அதுவும் பிந்தியது. செயலாளர் மேடம் நேரடியாகவே சொல்லிவிட்டார்: அடுத்த திங்கட்கிழமைக்குள் கோளாறு என்னவென்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மெக்கானிக் டயலைச் சரிசெய்துவிட்டு, குளத்துக்காரரிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தான்.

"அண்ணே, ஒரு உதவி. இப்ப மணி ஒன்பது, டயலும் ஒன்பது. தினம் காலையில ஒன்பது மணிக்கு டயல் என்ன காட்டுதுன்னு மட்டும் இதுல எழுதுங்க. எவ்வளவு பிந்துதுன்னு தெரிஞ்சா எதனாலன்னு புடிச்சிடுவேன்."

"அதுக்கென்ன தம்பி, எழுதிடறேன்."

செவ்வாய் எட்டு இருபது. புதன் ஏழு நாற்பது. வியாழன் ஏழு. மெக்கானிக்குக்கு உதவுகிற நிம்மதியில் மணிமணியாக எழுதினார். வெள்ளிக்கிழமை டயல் ஆறு ஐந்து காட்டியது. எழுதியவர் கழித்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து நிமிடம். மற்ற நாளெல்லாம் நாற்பது, முந்தின நாள் மட்டும் ஏன் ஐம்பத்தைந்து? முந்தின நாள்தான் அவர் முதல் முறையாகச் சுவரை விட்டுவிட்டு மிதந்தார். மிதந்த சந்தோஷத்தில் கால் மணி நேரம் கூடுதலாகத் தண்ணீரில் கிடந்தார்.

சேச்சே, அப்படி இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அன்றைக்கும் இறங்கினார், மறுநாளும் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை குளத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகள் இருக்கும் என்பதால் அவர் இறங்குவதில்லை. திங்கட்கிழமை காலை பம்ப் அறையில் போய் நின்றார். ஞாயிறு நான்கு நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தது. டயல் அதே நான்கு நாற்பத்தைந்தில் நின்றது. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

மெயின் சுவிட்சை இழுத்தால் பம்ப் மட்டும் நிற்கவில்லை. டைமருக்குள் இருக்கும் கடிகாரமும் நின்றது. பாவம், அதற்கு என்ன தெரியும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. அவர் தண்ணீரில் இருந்த நேரத்தையெல்லாம் அது நிமிடம் தவறாமல் கணக்கு வைத்திருந்தது. அதை அவர் கையாலேயே எழுதியும் வாங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வாய்க்கு வந்த எண்களை எழுதலாம் என்று நினைத்தார். பேனாவைக்கூட எடுத்தார். மெக்கானிக்கின் புது வண்டியில் ஒட்டியிருந்த அவனுடைய கடைப்பெயர் நினைவுக்கு வந்தது; எழுத்தின் பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருந்தது. பேனாவை மூடினார்.

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தான். டயலைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தான், பம்ப் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு நோட்டைப் பார்த்தவன், அதை வாயிலிருந்து எடுத்தான்.

"என்னண்ணே இது, கடியாரம் ரிப்பேர்னா ஏறுக்கு மாறா பிந்தும். இது நாப்பது நாப்பதா போகுது. ஞாயித்துக்கிழமை லீவு வேற எடுத்திருக்கு." சிரித்துக்கொண்டே சொன்னவன், குளத்துக்காரரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "யாரோ மெயினை ஆஃப் பண்றாங்க. பகல்ல இங்க யாருண்ணே இருக்கா?"

குளத்துக்காரர் மென்று முழுங்கவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னார். சொல்லும்போது டைமரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயம்தான். சொந்தக் காசில் ஒரு டைமர் வாங்கிப் போட்டவன். ஆனால் அவன், "சரி விடுங்க. பேட்டரி வச்ச டைமர் ஒண்ணு மாட்டிடறேன், கரண்ட் போனாலும் உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க பாட்டுக்கு கத்துக்கங்க. எவனுக்கும் தெரிய வேண்டாம்" என்றான்.

குளத்துக்காரருக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. செயலாளர் மேடம் அலுவலகத்துக்குக் கிளம்பிய உடையோடு பம்ப் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"டைமர் சரியில்ல மேடம். வேற மாடல் மாத்திடறேன்" என்றான் மெக்கானிக்.

"போன தடவை போட்டது புதுசுன்னு சொன்னீங்களே. அப்ப பழசைத் துடைச்சுப் புதுசுன்னு மாட்டினீங்களா?"

மெக்கானிக் வாயைத் திறந்தான், குளத்துக்காரரை ஒரு முறை பார்த்தான், மூடிக்கொண்டான். காது மடல் சிவந்துபோய் நின்றான்.

"பதில் சொல்ல மாட்டேங்கறீங்க. உங்கள நம்பினது என் தப்பு. இன்னியோட—"

"மேடம், டைமர்ல ஒரு குத்தமும் இல்ல" என்றார் குளத்துக்காரர். "தினமும் மத்தியானம் பன்னெண்டரைக்கு மெயினை அணைச்சது நான். எனக்கு நீச்சல் தெரியாது மேடம். கத்துக்கறதுக்காக அணைச்சேன். அது கடியாரத்தையும் நிறுத்தும்னு எனக்குத் தெரியல."

மேடம் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. முகம் வெளுத்தது.

"அப்ப, பாப்பா விழுந்தப்ப?"

"தெரியாது மேடம். கால் வரல. கம்பு கையில இருந்துச்சு. அவ்வளவுதான்."

மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழப்போகிறாரா, அறையப்போகிறாரா என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. எதைச் செய்திருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. கடைசியில் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"ஆறு வருஷம். எத்தனை குழந்தைங்க. நாளையிலேர்ந்து பயிற்சி உள்ள ஆள் இல்லாம இங்க ஒரு குழந்தையும் இறங்கக்கூடாது."

"சரிங்க மேடம்."

"உங்கள என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல." குளத்தைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு கத்துக்கிட்டீங்க?"

"ஆழம் கம்மியான பக்கத்துல, குறுக்க பாதி தூரம் வரைக்கும்."

"இறங்குங்க. பாக்கணும்."

குளத்துக்காரர் சட்டையைக் கழற்றினார். வேலை போகிற நாளில் மானமும் போகட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். மெக்கானிக் அவசரமாக மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கை வைத்தான்.

"வேணாம் தம்பி, ஓடட்டும். புள்ளைங்க விழற நேரத்துல பம்ப நிறுத்திட்டா இறங்க முடியும்?"

படியிறங்கி, சுவரைத் தள்ளிவிட்டுப் போனார். அழகான நீச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையும் காலும் ஆளுக்கொரு பக்கம் அடித்தன. பம்ப் தள்ளும் தண்ணீர் இடுப்பில் மோதி அவரை ஓரமாக ஒதுக்கியது. பாதி தூரம் வந்தது. மற்ற நாளில் அங்கே காலை ஊன்றி நின்றுவிடுவார். அன்று ஊன்றவில்லை. தண்ணீரைக் குடித்தார், இருமினார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடித்தார். விரல் ஓட்டில் முட்டியது. எதிர்ச்சுவர்.

மூச்சு வாங்க அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். செயலாளர் மேடம் கரையில் இல்லை. செருப்பு மட்டும் மேலே கிடந்தது. அலுவலக உடையோடு, இடுப்பளவு தண்ணீரில், குளத்தின் பாதித் தூரத்தில், இரண்டு கைகளையும் அவர் பக்கம் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

நீட்டிய கைகளை மேடம் மெதுவாகக் கீழே விட்டார்.

"நாளைக்கும் பன்னெண்டரைக்கு இறங்குங்க" என்றார். "ஆனா இனிமே தனியா இறங்காதீங்க."