சர்வேயர் வீட்டுப் பச்சை வண்டி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவனுடைய பிழைப்பு. வயது இருபத்தாறு. பழைய கார் என்றால் பைத்தியம். துருப்பிடித்த ஒரு கதவுப்பிடி கையில் கிடைத்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், தேய்த்துக்கொண்டே இருப்பான். அதனால் சினேகிதர்கள் வைத்த பெயர் பாலிஷ். அவனுடைய அம்மாவின் கண்ணாடிக் காம்பு ஒடிந்து ஒரு வருடமாக நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை செய்பவனைப் பெற்றவளுக்கு இந்தக் கதி. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்வேயர் வீட்டில் இருந்தான்.

சர்வேயர் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்பது வயது. மனைவி போய்விட்டாள், ஒரே மகளுக்குத் தொலைவில் வேலை. ஒருநாள் அவருக்குப் புதுக் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்கப் போன பாலிஷ், வீட்டை ஒட்டிய கொட்டகையின் கதவிடுக்கில் அந்தக் காரைப் பார்த்தான். கரும்பச்சை நிறம். அறுபது வருடத்துக்கு முந்தையது. மரத்தாலான டாஷ்போர்டு, முன்னால் கைப்பிடி விட்டுச் சுழற்றிக் கிளப்புகிற எஞ்சின், ஒரு திருகாணிகூட மாற்றப்படாத வண்டி. அந்த இடத்திலேயே அவன் மனசு முடிவு செய்துவிட்டது, இது எனக்குத்தான் என்று.

விற்கிற பேச்சே இல்லை, நான் இருக்கிற வரைக்கும் அது இங்கேதான் நிற்கும் என்றார் சர்வேயர். வேறொருவன் என்றால் போய்விட்டிருப்பான். பாலிஷ் கணக்குப் போட்டான். எழுபத்தொன்பது வயது, சர்க்கரை, மூச்சிரைப்பு. இன்னும் எத்தனை நாளைக்கு?

வண்டியைச் சும்மா துடைத்துத் தருகிறேன் என்று நுழைந்தான். கூடவே மாத்திரை வாங்கிக் கொடுத்தான், பேப்பர் படித்துக் காட்டினான், கால் நகம் வெட்டிவிட்டான். முதல் மாதம் சார் என்றான், மூன்றாம் மாதம் ஐயா என்றான், ஆறாம் மாதம் வாய் கூசாமல் அப்பா என்றான். விஷயம் அம்மாவின் காதுக்கு வந்தது. “எனக்கும் நகம் வெட்டிவிட ஆள் வேணும்னா நானும் ஒரு பழைய கார் வாங்கி நிறுத்தணும் போல” என்றாள் அவள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொய் சொல்லக் கூடாது, அவனுடைய கைவேலை சுத்தம். டாஷ்போர்டு மரத்தை ஒரு சாணுக்கு இரண்டு ஞாயிறு என்று தேய்த்து மெருகேற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். இரண்டாம் வருட முடிவில் எஞ்சின் தையல் மெஷின்போல ஓடியது. அன்று சர்வேயர் அவன் தோளில் கை வைத்து அழுதார். அவனும் அழுதான். அவர் எதற்காக அழுதார் என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். குளியலறைக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரே சுவர், அதில் கையகலத்துக்கு ஒரு காற்றுத்துளை. பாலிஷ் அந்தப் பக்கம் மட்கார்டை நனைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். தம்பி என்று குரல் வந்தது. கை நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். ‘இதுதானோ?’ என்று அவன் மனசு கேட்டது. கேட்டதோடு நில்லாமல் துள்ளவும் செய்தது. அந்த அற்பனின் கை மறுபடி தேய்க்கத் தொடங்கியது. தம்பி, தம்பி என்று இன்னும் இரண்டு தடவை கேட்டது. மட்கார்டு முடிந்த பிறகுதான் அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஈரத்தரையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

“வந்துட்டியா தம்பி.”

“தேய்க்கிற சத்தத்துல கேக்கலப்பா.”

அவர் சரி என்பதுபோல் தலையசைத்தார். அவருக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டிருந்தது. நின்றதும் கேட்டது, மறுபடி தொடங்கியதும் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டு வந்தார். பார்த்துக்கொள்ள மகள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவளை வைத்துக்கொண்டே, கார் உனக்குத்தான், எழுதிவிட்டேன் என்று பாலிஷிடம் சொன்னார். ஆனால் அடிக்கடி திறந்தால் தூசி ஏறும், கொட்டகைச் சாவி என்னிடமே இருக்கட்டும், என் காலத்துக்குப் பிறகு நீயே திறந்துகொள் என்றார். பாலிஷுக்கு உச்சி குளிர்ந்துபோனது. சந்தேகப்பட அவனுக்கு ஏது நேரம்?

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்து பேச்சுத்தான். அவர் கேட்பார், இவன் சொல்வான். பழைய கார் பைத்தியங்களின் வியாதி இது. கேட்க ஒரு காது கிடைத்தால் போதும், குடலை உருவிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வண்டிக்கு பிளாஸ்டிக் ஷீட் போடவே கூடாது, உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும் என்றான். சீட்டில் ரொட்டித் துணுக்கு கிடந்தால் எலி குடிவந்து வயரை எல்லாம் தின்றுவிடும் என்றான். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் தோல்போல உரிந்துவிடும் என்றான்.

“எஞ்சினுக்கு எது தம்பி ஆகாது?”

“தண்ணிதான்பா. பிளக்கைக் கழட்டின ஓட்டை வழியா தண்ணி போய் நின்னுச்சுன்னா அவ்ளோதான். பிஸ்டன் உள்ளயே ஒட்டிக்கும். அதுக்கப்புறம் இரும்புக் கடைக்குத்தான்.”

“பிளக்கை எப்படிக் கழட்டுறது?”

பாலிஷ் வாயெல்லாம் பல்லாகத் தன் ஸ்பானரையே கொண்டுவந்து காட்டிக்கொடுத்தான். கழற்றின வரிசையிலேயே சுத்தமான துணிமேல் வைக்க வேண்டும், அதுதான் முறை என்றும் சொன்னான். ஸ்பானரை அங்கேயே மறந்துவிட்டுப் போனான். எட்டு மாதம் இப்படியே போனது.

ஒரு புதன்கிழமை சர்வேயர் தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்றாம் நாள் மகள் பாலிஷைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள். வீட்டைக் காலி செய்யப் பெருக்கிக்கொண்டிருந்தவள், துடைப்பத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு தம்பி. நீங்க சொல்லிக்கொடுத்ததுல ஒண்ணையும் அவரு மறக்கலையாம். எல்லாத்தையும் தன் கையாலயே செஞ்சு வச்சிருக்காராம்.”

பாலிஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதருக்காக அவன் மெய்யாகவே கலங்கியது அந்த ஒரு தடவைதான்.

கதவைத் திறந்தான். வண்டிமேல் பிளாஸ்டிக் ஷீட் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கூரையிலும் கதவுகளிலும் பெயிண்ட் சாண் இடைவெளிவிட்டு நேர்கோடு நேர்கோடாக உரிந்திருந்தது. அளந்து பழகின கை, பிரேக் ஆயிலையும் அளந்தே ஊற்றியிருந்தது. சீட்டுக்குள் எலிக்குஞ்சுகள். பானட்டைத் தூக்கினான். வெள்ளைத் துணியில் நான்கு பிளக்குகள் வரிசை மாறாமல் இருந்தன. பக்கத்தில் அவனுடைய ஸ்பானர், துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு ஓட்டைகளிலும் செந்நிறத் தண்ணீர் தளும்பியது.

இருக்காது, இருக்காது என்று புலம்பிக்கொண்டே கைப்பிடியை மாட்டிச் சுழற்றப் பார்த்தான். அசையவில்லை. மொத்த உடம்பையும் போட்டுத் தொங்கினான். கைப்பிடி வழுக்கியது. சிமெண்டுத் தரையில் விழுந்தான். லென்ஸ் தேய்க்கிற வலது கை உடம்புக்கு அடியில் மடங்கி, மணிக்கட்டு முறிந்தது. இடுப்பும் பிடித்துக்கொண்டதில் எழுந்திருக்க முடியவில்லை.

“அக்கா” என்று கத்தினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையைப் பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தின் சத்தம் நின்றது. அவன் காற்றுத்துளையைப் பார்த்தபடி காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் துடைப்பம் மறுபடி பெருக்கத் தொடங்கியது. அவளுக்கு இன்னும் இரண்டு அறை பாக்கி இருந்தது.